வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் செல்லுக்குச் சாம் அடுக்கு தேவைதானா?

வாசகர் ஒருவரின் கேள்வி — 9 ஜனவரி 2026

வெளியான முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெடாட் என்ற பாலிமர் அடுக்கின் மீது வளர்த்த வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட் சோலார் செல்கள் ஒளியை மின்சாரமாக்கும் திறனில் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. சாம் என்ற ஒற்றை மூலக்கூறு அடுக்கின் மீது வளர்த்தது 2021-இல் தைவானில் 6.5 சதவீதம்; 2025-இல் பெர்லினில் 8.2. ஈயச் செல்களில் சாம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது உண்மைதான். அதற்காக வெள்ளீயத்திலும் அதையே கட்டிக்கொண்டு அழுவது வீண்செலவு என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

9 ஜனவரி, இரவு

மறுக்கிறேன். எண்கள் சரி, அவற்றை அருகருகே வைத்ததுதான் தவறு. பெடாட் மீது வெள்ளீயப் படலம் வளர்க்கும் செய்முறை பல ஆண்டுகளாகச் செதுக்கப்பட்டது. எந்தக் கரைப்பான், எந்த விநாடியில் எதிர்க்கரைப்பான் (படிகமாவதைத் தூண்டும் திரவம்), எவ்வளவு வெள்ளீய ஃபுளோரைடு என்று எல்லாமே பெடாட்டை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை. அந்தச் செய்முறையை அப்படியே சாம் மீது ஊற்றிவிட்டு, 'பார், வேலை செய்யவில்லை' என்பது நியாயமில்லை.

நான் தைவானில் ஓர் ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்கிறேன். விரிவாகப் பிறகு எழுதுகிறேன். நாளை காலை க்ளவ் பாக்ஸ் (காற்றுப் புகாத வேலைப்பெட்டி) முறை என்னுடையது.

10 ஜனவரி

புதிதாக வந்தவர்கள் 'பெடாட்', 'சாம்' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் அடிப்படை.

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு படிக அமைப்பின் பெயர். 1839-இல் யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு வைத்த பெயர், பின்னர் அந்த வடிவம் முழுவதற்குமே ஆகிவிட்டது. யோகோஹாமாவில் மியாசாகாவின் குழு 2009-இல் ஈய அயோடைடு வகைப் பெரோவ்ஸ்கைட்டைச் சோலார் செல்லில் வைத்தபோது கிடைத்தது 3.8 சதவீதம். இன்று ஈயச் செல்கள் 26-ஐத் தாண்டி நிற்கின்றன.

ஈயம் நச்சு. அதன் இடத்தில் தனிம அட்டவணையில் நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தை வைக்கலாம் என்பது இயல்பான யோசனை. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டும் நார்த்வெஸ்டர்னும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் 6 சதவீதத்தை ஒட்டிய வெள்ளீயச் செல்களை வெளியிட்டன. ஃபார்மமிடினியம் வெள்ளீய அயோடைடு என்ற வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டின் ஆற்றல் இடைவெளி (எந்த ஒளியை விழுங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) சுமார் 1.4 எலக்ட்ரான் வோல்ட். ஒளியை விழுங்கும் அடுக்கு ஒன்றே உள்ள செல்லுக்குக் கோட்பாட்டளவில் மிகச் சிறந்தது 1.34. ஈய அயோடைடு வகைப் பெரோவ்ஸ்கைட் 1.55-ஐ ஒட்டி இருக்கிறது. சூரிய நிறமாலைக்கு எது அதிகம் பொருந்துகிறது என்று கேட்டால் வெள்ளீயம்தான். பிறகு ஏன் பின்தங்கியிருக்கிறது?

ஏனெனில் வெள்ளீயத்துக்கு +2 நிலையில் இருக்கப் பிடிக்கவில்லை. ஈயத்தின் வெளி எலக்ட்ரான் இணை அணுக்கருவோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது, அதனால் +4 நிலைக்கு எளிதில் போகாது. வெள்ளீயத்தில் அந்தப் பிடி தளர்வு. +2, +4 நிலைகளுக்கு இடையிலான மின்முனை அழுத்தத்தில் பார்த்தால் வெள்ளீயத்துக்கு 0.15 வோல்ட், ஈயத்துக்கு 1.67 வோல்ட்; எண் சிறிதானால் +4 ஆவது எளிது. சிறிது ஆக்சிஜன் போதும், +2 வெள்ளீயம் +4 ஆகிவிடும். படிகத்தில் வெள்ளீயக் காலியிடங்கள் உருவாகும். ஒவ்வொரு காலியிடமும் மின்துளைகளை (எலக்ட்ரான் இல்லாததால் நேர்மின்போல் நகரும் இடங்களை) சேர்க்கும். ஒளி விழாமலேயே படலம் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். வோல்டேஜ் சரியும்.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. ஆக்சிஜனேற்றம் தானாக வேகம் பிடிக்கும் சுழற்சி இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2021-இல் இதைத் தெளிவாகக் காட்டியது: வெள்ளீய டெட்ரா அயோடைடு (+4 வெள்ளீயத்தின் சேர்மம்) நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு தரும், அது ஆக்சிஜனோடு சேர்ந்து அயோடின் ஆகும், அந்த அயோடின் மறுபடியும் நல்ல வெள்ளீயத்தைத் தாக்கும். இதில் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். பெடாட் பற்றிப் பேசும்போது இந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

14 ஜனவரி

"வெள்ளீயம் பாதுகாப்பானது என்பதில் என்ன ஐயம்? எங்கள் வீட்டில் இன்றும் ஈயச் சொம்பில்தான் ரசம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொங்கல் வாரத்தில் ரசத்தை நினைவூட்டியதற்காக அவர்மீது எனக்குக் கோபம். இங்கே நல்ல புளி கிடைப்பதில்லை.

ஆனால் ரசத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஈயச் சொம்பு என்று பெயர் இருந்தாலும் அதில் இருப்பது உலோக வெள்ளீயம். செல்லில் இருப்பது வெள்ளீய அயோடைடின் சேர்மம். அது நீரில் கரையும்போது அமிலத்தைத் தரும். 2016-இல் வரிக்குதிரை மீன் கருக்களில் ஈய அயோடைடையும் வெள்ளீய அயோடைடையும் ஒப்பிட்டார்கள். வெள்ளீய அயோடைடு நீரை அதிகம் அமிலமாக்கி, அதிகக் கருக்களைக் கொன்றது. 'வெள்ளீயம் பசுமையானது' என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2020-இல் புதினாச் செடிகளை வைத்துச் செய்த ஆய்வில், பெரோவ்ஸ்கைட்டிலிருந்து மண்ணில் கசிந்த ஈயம், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் மற்ற ஈய மாசைவிடப் பத்து மடங்கு எளிதாகச் செடிக்குள் ஏறியது. அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுச் சமன்செய்யலாம். மண்ணிலும் உடலிலும் தேங்கிய ஈயத்தை எதைப் போட்டும் சமன்செய்ய முடியாது. எனக்கு வெள்ளீயத்தின் பக்கம் நிற்க இந்த வேறுபாடு போதும்.

17 ஜனவரி

இப்போது பெடாட்.

முழுப்பெயர் பெடாட்-பிஎஸ்எஸ், நீரில் கலந்து வரும் கருநீல பாலிமர். கண்ணாடி மேல் இருக்கும் ஐடிஓ என்ற மின்கடத்தும், ஒளி புகும் பூச்சில் இதைச் சுழற்றிப் பூசி, அதன் மேல் பெரோவ்ஸ்கைட்டை வளர்க்கிறோம். ஒளியால் பிறக்கும் மின்துளைகளை வாங்கி ஐடிஓவுக்குக் கொடுப்பது இதன் வேலை. மலிவு, எளிது, எல்லா ஆய்வகத்திலும் ஒரு புட்டி இருக்கும். ஆனால் அது அமிலம், ஐடிஓவை மெல்ல அரிக்கும். அதைவிட மோசம், ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன அயோடின் சுழற்சிக்கு வேண்டிய நீரை நாமே அடித்தளத்தில் தேக்கி வைத்துவிட்டு, மேலே என்ன உறை போட்டு மூடினாலும் பயன் குறைவு.

சாம் என்பது தானாக ஒழுங்கமைந்துகொள்ளும் ஒற்றை மூலக்கூறு அடுக்கு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று பகுதிகள். அடியில் பாஸ்போனிக் அமிலம், ஐடிஓவின் ஹைட்ராக்சில்களைப் பற்றிக்கொள்ளும். நடுவில் குட்டையான கார்பன் சங்கிலி. மேலே கார்பசோல் போன்ற வளையம், மின்துளையை வாங்கும். மொத்தத் தடிமன் இரண்டு நானோமீட்டருக்குள். நீரைத் தேக்க இடமே இல்லை, ஒளியை விழுங்கவும் பொருள் இல்லை. லிதுவேனியாவின் கௌனாஸ் பல்கலைக்கழகத்தில் கெட்டௌடிஸின் குழு 2018-இல் தொடங்கியது. பெர்லின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தோடு சேர்ந்து 2019-இல் 2பிஏசிஇசட், மீத்தாக்சி-2பிஏசிஇசட் என்ற மூலக்கூறுகளைத் தந்தார்கள். 2020 இறுதியில் அதே குடும்பத்தின் மீத்தைல்-4பிஏசிஇசட் மூலம் சிலிக்கனோடு அடுக்கிய செல் 29.15 சதவீதத்தைத் தொட்டது.

இவையெல்லாம் ஈயத்துக்காக வடிவமைத்தவை. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். 2பிஏசிஇசட்டில் எலக்ட்ரான்கள் நிரம்பிய மிக உயர்ந்த ஆற்றல் மட்டம் சுமார் மைனஸ் 5.6 எலக்ட்ரான் வோல்ட். ஈயப் பெரோவ்ஸ்கைட்டுக்குப் பொருந்தும். வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டின் இணைதிறன் பட்டை (மின்துளைகள் இருக்கும் ஆற்றல் மட்டம்) அதைவிட மேலே இருக்கிறது. எலக்ட்ரானுக்கு நேர்மாறாக, மின்துளைக்கு ஏறுவது எளிது, இறங்குவது கடினம்; அங்கிருந்து துளை கீழிறங்கிப் போக வேண்டியிருப்பதால், அது தடையாகிறது. மீத்தாக்சி சேர்த்த வகை சுமார் மைனஸ் 5.1, அதனால் ஓரளவு ஒத்துப்போகிறது. தைவானின் சின்ஜுவில் உள்ள தியாவ் குழு 2021-இல் அதைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். 2025-இல் பெர்லின் கார்பசோலைக் கைவிட்டுப் பீனோதயசின் என்ற வேறு வளையத்துக்குப் போனதற்கும் இந்தப் பொருத்தம் ஒரு காரணம்.

18 ஜனவரி

ஆற்றல் மட்டம் பாதிக் கதைதான். மீதிப் பாதியைக் கையால் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

மீத்தாக்சி-2பிஏசிஇசட்டை எத்தனாலில் கரைத்து, ஓசோன் விளக்கில் சுத்தம் செய்த ஐடிஓ மேல் சுழற்றி, 100 டிகிரியில் சூடாக்கி, ஒட்டாமல் நிற்பதை எத்தனாலால் கழுவிவிட்டேன். அதுவரை எல்லாம் அழகாகப் போனது. பிறகு வெள்ளீயக் கரைசலைச் சொட்டினேன். சேம்பு இலையில் விழுந்த நீர்போலக் குவிந்து நின்றது. ஸ்பின் கோட்டர் சுழன்றதும் பாதிக் கரைசல் பறந்துபோனது. மீதம் நின்ற படலம் கண்ணுக்குக் கருமையாகத்தான் தெரிந்தது. நுண்ணோக்கியில் முழுக்க ஓட்டைகள். மேலே வெள்ளி பூசியதும், அந்த ஓட்டை வழியாக நேரே மின்சாரம் ஓடி, செல் வெறும் கம்பி ஆகிவிட்டது.

அதே கரைசல், அதே நாள், பக்கத்துத் தட்டில் பெடாட் மீது பட்டுப்போல் படிந்தது.

ஈயக் கரைசல் சாம் மீது இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. ஈயத்தில் படிகமாவது மெதுவாக நடக்கும், பரவுவதற்கு நேரம் கிடைக்கும். +2 வெள்ளீயம் வலுவான லூயிஸ் அமிலம் (எலக்ட்ரான் இணையை வாங்கிக்கொள்வது), அயோடைடைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும். எதிர்க்கரைப்பான் விழுந்த கணமே உறைந்துவிடுகிறது. கரைசல் பரவவும் அவகாசம் இல்லை, தவறைத் திருத்திக்கொள்ளவும் அவகாசம் இல்லை. தியாவ் குழு ஒரே வீச்சில் பூசுவதைக் கைவிட்டு, வெள்ளீய அயோடைடை முதலில், ஃபார்மமிடினியம் அயோடைடைப் பிறகு என்று இரண்டு படியாகப் போனதன் பொருள் எனக்கு அன்றுதான் உறைத்தது.

18 ஜனவரி, பின்னிரவு

"அப்படியானால் வேகத்தைக் குறைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை அதிகமாகச் சேர்த்தால் என்ன?" என்று கேட்டவருக்கு: எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். டிஎம்எஸ்ஓ வெள்ளீய அயோடைடோடு இணைந்து அதைச் சற்று நேரம் கட்டிப்போடும். ஆனால் அமிலமான கரைசலில், சூட்டில், டிஎம்எஸ்ஓவே வெள்ளீயத்தை +4 ஆக்குகிறது. படலத்தை ஒழுங்காக்கும் அதே பொருள் படலத்தைக் கெடுக்கவும் செய்கிறது. பெர்லினில் டிஇஎஃப், டிஎம்பியூ என்ற வேறு இரண்டு கரைப்பான்களின் கலவையைக் கொண்டு டிஎம்எஸ்ஓ இல்லாமல் பூசிக் காட்டினார்கள். அந்தத் திசை சரி என்று நம்புகிறேன். கரைப்பானை மாற்றினால் அடித்தளத்தின் மீது அது பரவும் விதமும் மாறும். ஆகவே கரைப்பானையும் சாமையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

25 ஜனவரி

பெடாட்டைப் பற்றி ஒருதலையாக எழுதிவிட்டேனோ என்ற எண்ணம் இந்த வாரம் முழுக்க இருந்தது. அதற்குரிய பெருமையையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் நீர்விரும்பும் மேற்பரப்புதான் ஈரத்தைத் தேக்குகிறது. வெள்ளீயக் கரைசலைப் பரவவிடுவதும் அதே பரப்புதான். இவ்வளவு காலம் வெள்ளீயச் செல்களைத் தூக்கிநிறுத்தியது அந்தப் பரவல். 2018-இல் குரோனிங்கனின் 9 சதவீதம், 2020-இல் ஷாங்காய்டெக்கின் 12.4 சதவீதம் எல்லாம் அதன் மேல் வளர்ந்தவை. இரண்டாவது ஆய்வில் பெரிய பங்கு எலக்ட்ரானை வாங்கும் எதிர்ப்பக்கத்துக்கு உண்டு. வழக்கமான பிசிபிஎம் என்ற ஃபுல்லரீனின் (கூடு வடிவக் கார்பன் மூலக்கூறு) இடத்தில் ஐசிபிஏ என்ற வேறொரு ஃபுல்லரீனை வைத்ததால் வோல்டேஜ் 0.94-க்கு ஏறியது. வெள்ளீயத்துக்கு ஏற்ற எலக்ட்ரான் அடுக்கைத் தேடியபோது ஒரே தாவலில் பலன் கிடைத்தது. மின்துளைப் பக்கத்துக்கும் அதே மரியாதையைக் கொடுக்கச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் மனதில் உறுத்துகிறது. ஐடிஓ மேற்பரப்பு வழவழப்பானது அல்ல. ஒற்றை மூலக்கூறு அடுக்கு அதன் மேடுபள்ளம் அனைத்தையும் மூடிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. விட்டுப்போன இடத்தில் பெரோவ்ஸ்கைட் நேரடியாக ஐடிஓவைத் தொடும். ஈயச் செல் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே மின்துளைகள் நிரம்பிய வெள்ளீயப் படலத்தில் அந்த இடைவெளி கூடுதலாகக் கசியும் என்பது என் கணிப்பு. பல பத்து நானோமீட்டர் தடித்த பெடாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாம் போடுவதற்கு முன் மெல்லிய நிக்கல் ஆக்சைடு அடுக்கு போடுவது ஈயச் செல்களில் பழகிய வழி. வெள்ளீயத்தில் அதை யோசிக்காமல் போட வேண்டாம். நிக்கல் ஆக்சைடின் மேற்பரப்பில் இருக்கும் உயர்நிலை நிக்கல் தானே ஓர் ஆக்சிஜனேற்றி.

25 ஜனவரி, கூடுதலாக

கலப்புச் செல்களில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், "உங்கள் சண்டை எங்களுக்கும் உரியது" என்று எழுதியிருக்கிறார். உண்மை. பாதி ஈயம், பாதி வெள்ளீயம் கொண்ட 1.25 எலக்ட்ரான் வோல்ட் படலம்தான் முழுப் பெரோவ்ஸ்கைட் இரட்டை அடுக்குச் செல்களின் கீழ்ச் செல். அந்த இரட்டை அடுக்குகள் 28 சதவீதத்தைத் தாண்டியவை. அங்கேயும் நெடுங்காலம் அடியில் இருந்தது பெடாட். அங்கேயும் நீண்டகால உழைப்பில் பலவீனமான இடம் அதுதான். தூய வெள்ளீயத்துக்கு நல்ல சாம் கிடைத்தால் முதலில் பலன் பெறப்போவது இந்தக் கலப்புச் செல்களாகவும் இருக்கலாம்.

2 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்கு இன்னொரு வாசகர் நேரடியான பதிலைக் கொடுத்துவிட்டார். 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழக ஆய்வு. பெடாட்டை எடுத்துவிட்டு, பாஸ்போனிக் அமிலத்தால் ஐடிஓவைப் பற்றும் சிறுமூலக்கூறு அடுக்கை வைத்தார்கள். சான்றளிக்கப்பட்ட திறன் 17 சதவீதத்துக்கு மேல். 8.2-ஐ மட்டும் வைத்துச் சாமின் கதையை முடித்த வாதம் இதோடு விழுகிறது.

எனக்கு அந்த எண்ணைவிட மூலக்கூறின் அடிப்பகுதி முக்கியம். சாதாரண பாஸ்போனிக் அமிலத்துக்குப் பதிலாகச் சயனோவினைல் பாஸ்போனிக் அமிலம். இந்தப் பிடிமானம் புதிதல்ல. 2023-இல் கிழக்குச் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஈயச் செல்லுக்காகச் செய்த மூலக்கூறில் இது இருந்தது, அங்கே சான்றளித்த திறன் 25.4. அந்த ஆய்வின் சிறப்பே நனைதல்தான். மூலக்கூறின் ஒரு பாதி நீரை வெறுக்கும், மறு பாதி நீரை விரும்பும்; அந்த அடுக்கின் மேலே ஊற்றும் கரைசல் தடையின்றிப் பரவும். ஷாங்காய்க் குழுவும் தலைப்பிலேயே சீரான அடித்தள இடைமுகம் என்றுதான் சொல்கிறது. ஜனவரி 18 அன்று நான் திட்டிய அந்தக் குவிந்த துளிக்கு இதுதான் நேரான மருந்து.

ஆகவே என் நிலையைச் சற்றுக் கூர்மையாக்கிக்கொள்கிறேன். முதல் குறிப்பில் செய்முறையைக் குறைசொன்னேன். அடுத்து ஆற்றல் மட்டத்தைச் சொன்னேன். இப்போது வரிசைப்படுத்தச் சொன்னால், வெள்ளீயத்தில் முதலிடம் நனைதலுக்கும் சீரான மூடலுக்கும். ஆற்றல் பொருத்தம் அதற்கு அடுத்து. ஓட்டை விழுந்த படலத்தில் எவ்வளவு அழகான ஆற்றல் படிக்கட்டு இருந்தாலும் மின்துளை அதில் ஏறப்போவதில்லை.

3 பிப்ரவரி

"அப்படியானால் பெர்லினின் 8.2 வீண்தானே?" வீண் இல்லை. கணிப்பொறியில் முதலில் மூலக்கூறை அலசி, வெள்ளீயப் படிகத்தோடு எது பொருந்தி அமரும் என்று பார்த்துப் பிறகு தயாரித்தார்கள். அதே வகைப் படலத்தில் பெடாட்டோடு வைத்துப் பார்த்தபோது சாம் முந்தியது. ஒரே படலம், ஒரே கைகள், அடியடுக்கு மட்டும் வேறு என்று ஒப்பிட்டால்தான் எதையாவது கற்றுக்கொள்ள முடியும். வெவ்வேறு நாட்டின் உச்ச எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதால் அது கிடைக்காது.

11 பிப்ரவரி

கோவையிலிருந்து முதுநிலை மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: கல்லூரியில் க்ளவ் பாக்ஸ் ஒன்றுதான், அதிலும் எல்லோரும் வேலை செய்கிறார்கள், வெள்ளீயத்தில் இறங்கலாமா?

இறங்கலாம் அம்மா. ஆனால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருக்க வேண்டும். ஆக்சிஜன் ஒரு பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழே இருக்கிறதா என்று பெட்டியின் காட்டியைப் பார்த்த பிறகே புட்டியைத் திறங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது கரைப்பானை ஊற்றி வேலை செய்திருந்தால் பெட்டியை நன்றாக வாயு மாற்றச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம். வெள்ளீய அயோடைடு புட்டி பழையதாக இருந்தால் அதை நம்பாதீர்கள். கரைசலில் வெள்ளீய உலோகத் தூளைச் சிறிது போட்டுக் கலக்கி வடிகட்டினால், உருவாகியிருக்கும் +4 வெள்ளீயம் பெருமளவு +2 ஆகத் திரும்பும். வெள்ளீய ஃபுளோரைடு பத்து மோல் சதவீத அளவில் தொடங்குங்கள்.

சாம் பூசியதும் முதலில் செல் செய்யாதீர்கள். சாம் பூசிய அந்தக் கண்ணாடி மேல் கரைப்பானை ஒரு சொட்டு விட்டு, தொடுகோணத்தை (துளியின் ஓரம் பரப்போடு செய்யும் கோணத்தை) பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். கைப்பேசிக் கேமரா போதும். துளி குவிந்து நின்றால் அன்று வெள்ளீய அயோடைடை வீணாக்க வேண்டாம். ஓசோன் நேரத்தையும் கழுவும் அளவையும் மாற்றுங்கள். எத்தனாலால் அதிகம் கழுவினால் சாம் மெலியும், குறைவாகக் கழுவினால் ஒட்டாத மூலக்கூறுகள் குவிந்து நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு உங்கள் ஐடிஓவைப் பொறுத்தது. விற்பவர் மாறினால் அதுவும் மாறும்.

பெடாட் செல் ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும் கூடவே செய்யுங்கள். படலம் கெட்ட நாளில் சாமைக் குறைசொல்லாமல் இருக்க அது உதவும். கருமை மாறி ஓரங்கள் மஞ்சளாகத் தொடங்கினால் ஆக்சிஜன் உள்ளே வந்துவிட்டது என்று பொருள், அந்தத் தொகுதியை அளக்கவே வேண்டாம்.

உங்கள் முதல் தொடுகோணப் படங்களை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.